மூன்றாவது பொத்தான்

கொழிஞ்சாம்பாறை லாட்ஜில்
மாடியில் நாலு ரூம் எடுத்திருந்தார்கள்.
ஒன்று போலீஸ் ஸ்டேஷன்.
ஒன்று வில்லன் வீடு.
ஒன்றில் கட்டில் மட்டும்.
மிச்சம் ஒன்றில் பதினோரு பேர் சாப்பிட்டோம்,
முறை வைத்துத் தூங்கினோம்.

ஆறு நாளில் படம் முடியணும்.
ஸ்பிரிட் கடத்துகிறவனைப் பிடிக்க
இன்ஸ்பெக்டர் ஒருத்தி மாறுவேடத்தில் போகிறாள்.
மாறுவேடம் என்றால் சேலை,
பிறகு சேலை இல்லாமை.
"உளவு பார்க்கணும்னா நெருங்கணும்ல"
என்றார் டைரக்டர் லாசர்,
கணக்கு வாத்தியார் மாதிரி.

காக்கிச் சட்டை
பொள்ளாச்சி நாடகக் கடையிலிருந்து வாடகைக்கு வந்தது.
இடது தோளில் இரண்டு நட்சத்திரம், வலது தோளில் மூன்று.
இப்படித் திரும்பினால் சப் இன்ஸ்பெக்டர்,
அப்படித் திரும்பினால் பதவி உயர்வு.
நெஞ்சில் ரங்கநாதன் என்று பெயர்.
அதன்மேல் கறுப்பு டேப்.
மூன்றாவது பொத்தானை லாசரே
பல்லால் கடித்து எடுத்தார்.

தெர்மோகோல் பிடிக்க உள்ளூரிலிருந்து வந்தவன்
சுதேவன் என்றான்.
கட்டில் சீன் வந்தால் சுவரைப் பார்த்து நிற்பான்.
வெளிச்சம் என்னை விட்டுவிட்டு ஃபேன்மேல் விழும்.
"டேய், ஃபேனா ஹீரோயின்?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மூன்றாம் நாள்
கண்ணாடி முன்னால் சல்யூட் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"மேடம், முழங்கை இன்னும் கொஞ்சம் மேலே.
உள்ளங்கை முன்னால தெரியட்டும்."
உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"அமெச்சூர் நாடகம்."
ஒரு தடவைகூட இமைக்கவில்லை.
என்னைவிட நல்ல நடிகன்.

தினமும் ராத்திரி
ஜெனரேட்டர் வண்டி டீசலுக்குப் பொள்ளாச்சி போகும்.
முன்கண்ணாடியில் என் போஸ்டர், காக்கியில்,
பொத்தான் இல்லாத இடம் பெரிதாகத் தெரிகிற மாதிரி.
செக்போஸ்டில் போஸ்டரைப் பார்ப்பார்கள்,
இன்னொரு தடவை பார்ப்பார்கள்,
கம்பத்தைத் தூக்கிவிடுவார்கள்.
ஒரு ஜெனரேட்டர் இவ்வளவு குடிக்குமா என்று
நான் யோசிக்கவில்லை.
மூணு நாள் சம்பளம் பாக்கி.
அதைத்தான் யோசித்தேன்.

ஐந்தாம் ராத்திரி.
மாடிப்படியில் நான், கையில் பொம்மைத் துப்பாக்கி.
"யாரும் அசையாதீங்க!"
கேமரா ஓடுகிறது.
கீழேயிருந்து வேறொரு குரல், மலையாளத்தில்,
அதே வசனம்.
லாசர் கட் சொல்லவில்லை.
டப்பிங்கில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம்.

முதலில் ஏறி வந்த கான்ஸ்டபிள், சின்னப் பையன்,
என் வலது தோளைப் பார்த்து
விறைத்து சல்யூட் அடித்தான்.
பிறகு பார்வை இறங்கியது.
கையும் இறங்கியது.

வண்டிக்கடியில் முப்பத்திரண்டு கேன்.
சுதேவன் தெர்மோகோலைச் சுவரில் சாய்த்து வைத்தான்,
உடையாமல்.
கறுப்புத் துணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி
என்னிடம் நீட்டினான்.
அப்போதும் சுவரைத்தான் பார்த்தான்.

அவன் பெயர் செந்தாமராட்சன் என்பது
சம்மன் வந்தபோதுதான் தெரிந்தது.

படத்தை யாரோ வாங்கி
எப்படியோ முடித்து
மூன்று பெயரில் ஓட்டினார்கள்.
சித்தூரில் முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன்.
அதில் வருகிற முதுகு என்னுடையதல்ல.
வலப்பக்கம் ஒரு மச்சம் இருந்தது.
யாரோ. அவளுக்கும் பாக்கி வைத்திருப்பார்கள்.
சல்யூட் மட்டும் என்னுடையது.
முழங்கை நேர், உள்ளங்கை முன்னால்.
அந்த இடத்தில் தியேட்டரே எழுந்து
பீடி பற்றவைக்கப் போனது.

கோர்ட்டில் குமாஸ்தா வாசித்தார்,
சான்றுப்பொருள் ஏழு:
காக்கிச் சட்டை ஒன்று,
மூன்றாவது பொத்தான் காணவில்லை,
பதிலாக ஊக்கு ஒன்று.
எதிர்வரிசையில் யாரோ இருமினார்கள்.
நான் திரும்பவில்லை.

வழக்கு நடக்கிறது.
சட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது.
பொள்ளாச்சிக் கடைக்காரர்
மாதம் ஒருமுறை ஃபோன் போடுகிறார்,
நாளுக்கு முப்பத்தைந்து ரூபாய்,
பொத்தானுக்குத் தனி.